கட்டணம் நீங்கியது, படி நீங்கவில்லை: ஆந்திர எல்லைச் சாலையில் ஒரு பேருந்துக் கணக்கு

திருப்பதி: ஆந்திரப் பிரதேச அரசுப் பேருந்துகளில் பெண்கள், சிறுமியர், திருநங்கைகள் கட்டணமின்றிப் பயணிக்க வழிசெய்யும் ‘ஸ்திரீ சக்தி’ திட்டம் 2025 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ளது. திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கே தமிழக எல்லையை ஒட்டிய நாராயணவனத்திலிருந்து ஒரு பெண் இப்போது அடையாள அட்டையைக் காட்டிப் புத்தூருக்கோ திருப்பதிக்கோ செலவின்றிச் சென்று வரலாம். ஆனால், அந்தப் பெண் ஊன்றுகோலுடன் நடப்பவராகவோ, சக்கர நாற்காலியில் இருப்பவராகவோ, முழங்கால் மடக்க முடியாத முதியவராகவோ இருந்தால், அவரைத் தடுத்து நிறுத்துவது பயணச்சீட்டின் விலை அல்ல, பேருந்தின் வாசற்படி. அதன் உயரத்தை இந்தத் திட்டம் மாற்றவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் பேருந்துப் பயணம் பற்றிப் பேசும்போதெல்லாம் அரசுகள் கட்டணச் சலுகையையே முன்வைக்கின்றன. தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய துணையாளர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆந்திரத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு. இவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், ஏற முடியாத பேருந்தில் இலவசம் என்பது யாருக்கும் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. ஏற முடியாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் எந்த அரசின் கணக்கிலும் வருவதில்லை.

ஊரும் சாலையும்

கல்யாண வேங்கடேசுவரர் கோயிலால் அறியப்படும் நாராயணவனம், புத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஊத்துக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது. நெசவாளர்கள் நிறைந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒருசேரப் புழங்கும் பகுதி. சீனிவாசர், பத்மாவதி திருமணம் நடந்த இடம் என்ற நம்பிக்கையால் இங்குத் திருமண வேண்டுதலுடன் வருவோர் பலர். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது இந்த மண்டலம் சித்தூரிலிருந்து பிரிந்து புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. அடங்கியுள்ள சட்டமன்றத் தொகுதியோ சத்தியவேடு. 1960-ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் சென்றதைப் பழைய தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர்.

இச்சாலையில் பேருந்து ஏறுவோர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். தமிழகத்திலும் பெயர்பெற்ற ‘புத்தூர்க் கட்டு’ இந்த வட்டாரத்துக்கு உரியது. எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள ஆண்டாண்டுகளாகப் புத்தூரை நாடி வருகிறார்கள். அந்த மருத்துவத்தின் தகுதியை ஆராய்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. கால் முறிந்தவர் பேருந்தில் வந்து பேருந்தில் திரும்புகிறார் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. சில வாரங்களுக்கு மட்டும் மாற்றுத்திறனாளியாக இருக்கும் இவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறுவதில்லை. சலுகை அட்டையும் அவர்களுக்கு இல்லை.

மறுபுறம், திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ‘பர்ட்’ மருத்துவமனை திருப்பதியில் உள்ளது. எலும்பு அறுவைச் சிகிச்சைக்கும் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கும் என்றே அமைக்கப்பட்ட நிறுவனம் அது. நாராயணவனம் கோயிலை நிர்வகிப்பதும் அதே தேவஸ்தானம்தான். இந்த ஊரிலிருந்து அந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவருக்கு வாய்க்கும் பொதுப் பேருந்து, பெரும்பாலும் அவரால் ஏற முடியாத உயரத்தில் தரை கொண்டது.

இன்னொரு கட்டாயமும் உண்டு. ஆந்திர அரசு மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியத்தை 2024 ஜூலை முதல் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. முற்றிலும் படுக்கையில் இருப்போருக்கு 15,000 ரூபாய். தொகை மாதத்தின் தொடக்கத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஆனால், அந்தத் தொகைக்கு அடிப்படையான ‘சதரம்’ சான்றிதழைப் பெற அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2025-இல் தகுதியற்றோரை நீக்குவதற்காக மறுபரிசோதனை நடத்தப்பட்டபோது, படுக்கையில் இருப்போரை மருத்துவக் குழுக்கள் வீடு தேடிச் சென்று பார்த்தன. ஏனையோர் மருத்துவமனை முகாம்களுக்கு வரும்படி அழைக்கப்பட்டனர். உடல் குறைபாட்டை மெய்ப்பிப்பதற்காக, அந்தக் குறைபாட்டைக் கணக்கில் கொள்ளாத பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டிய நிலை அது.

900, 650, 400

பேருந்துத் தரையின் உயரத்தை மத்திய அரசின் நகரப் பேருந்து வரையறைகள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. சாதாரணத் தளம் 900 மில்லிமீட்டர். அரைத் தாழ்தளம் 650. தாழ்தளம் 400. முதல் வகை ஏறத்தாழ மூன்றடி. கடைசி வகை ஓரடி நான்கு அங்குலம். ஊரகப் பகுதிகளில் ஓடும் பேருந்துகள் பெரும்பாலும் சரக்கு வாகன அடிச்சட்டத்தின் மீது கூடு கட்டப்பட்டவை என்பதால் அவற்றின் தரை 900-க்குக் குறைவதில்லை. ஆந்திரத்தின் ஊரகப் பேருந்து வகைக்கு ‘பல்லெ வெலுகு’ என்று பெயர். ‘கிராமத்தின் வெளிச்சம்’ என்று பொருள்படும். அழகான பெயர். வாசலில் மட்டும் அந்த வெளிச்சம் இன்னும் விழவில்லை.

உயரமான பேருந்திலும் ஒரு மடக்குச் சாய்தளம் பொருத்திவிடலாமே என்று கேட்கப்படுவதுண்டு. இதற்கு எளிய கணக்கே விடை சொல்லும். சக்கர நாற்காலி பாதுகாப்பாக ஏற, உயரம் ஒரு பங்கு என்றால் சாய்தளத்தின் நீளம் 12 பங்கு இருக்க வேண்டும் என்பது கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்குமான விதி. 900 மில்லிமீட்டர் உயரத்துக்கு இவ்விதிப்படி 10.8 மீட்டர் நீளச் சாய்தளம் தேவைப்படும். முழு அளவுப் பேருந்தின் நீளமே 12 மீட்டர்தான். ஆகவே உயர்தளப் பேருந்துக்குச் சாய்தளம் என்பது நடைமுறையில் இல்லாத ஒன்று. மின்தூக்கிப் பலகை பொருத்தலாம். அதற்குச் செலவும் பராமரிப்பும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் நேரமும் வேண்டும்.

400 மில்லிமீட்டர் தாழ்தளப் பேருந்தில் கணக்கு மாறுகிறது. நிறுத்தத்தில் 150 மில்லிமீட்டர் உயர நடைமேடை இருந்தால் எஞ்சும் வேறுபாடு 250 மட்டுமே. நின்றவுடன் ஒரு பக்கமாகச் சற்றே தாழும் ‘மண்டியிடும்’ வசதி அதையும் குறைக்கும். பிறகு வாசலில் உள்ள சிறு பலகையை நடத்துநர் விரித்துவிட்டால் போதும். ஆக, பேருந்தைத் தாழ்த்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி நிறுத்தத்தில் இருக்கிறது. நடைமேடையே இல்லாத, சாக்கடையும் மண்மேடும் சூழ்ந்த நிறுத்தத்தில் தாழ்தளப் பேருந்து வந்து நின்றாலும் சக்கர நாற்காலி அதன் வாசலை எட்டாது.

இந்த இடத்தில்தான் உள்ளாட்சி உள்ளே வருகிறது.

யார் முடிவு செய்கிறார்கள்?

பேருந்தின் வகையை விஜயவாடாவில் அமர்ந்திருப்போர் முடிவு செய்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர்கள் மாநில அரசு ஊழியர்களாகிவிட்ட நிலையில், கொள்முதல் என்பது முழுக்க மாநில அரசின் கொள்கை முடிவு. ஊராட்சிக்கு அதில் குரல் இல்லை. நிறுத்தத்தின் நிலை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் சாலைகளையும் போக்குவரத்து வழிகளையும் 13-ஆவதாகவும், மாற்றுத்திறனாளிகள் நலன் உள்ளிட்ட சமூக நலத்தை 26-ஆவதாகவும் குறிப்பிடுகிறது. நடைமுறையில் சாலை ஒரு துறையுடையது, நிழற்குடை இன்னொருவர் நிதியில் கட்டப்பட்டது, வடிகால் ஊராட்சியுடையது என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. நிழற்குடையில் நிதி வழங்கியவரின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அதன் முன் ஒரு சாய்தளம் இருக்காது. எல்லையின் இருபுறமும் காணக்கூடிய காட்சி இது.

பணம் இல்லை என்ற விடை எப்போதும் தயாராக இருக்கும். 15-ஆவது நிதி ஆணையம் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டது. 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்று விடப்பட்டது. 150 மில்லிமீட்டர் உயர நடைமேடைக்கு வேண்டிய சாய்தளத்தின் நீளம் 1.8 மீட்டர். சில மூட்டைச் சிமெண்டும் ஒரு கொத்தனாரின் இரண்டொரு நாள் உழைப்பும்தான் செலவு. 2024 ஆகஸ்ட் 23 அன்று ஆந்திரத்தின் 13,326 ஊராட்சிகளிலும் ஒரே நாளில் கிராம சபைகள் கூட்டப்பட்டு வேலை உறுதித் திட்டப் பணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து ஊர்கள்தோறும் சிமெண்டுச் சாலைகள் போடப்பட்டன. சாலைகள் தேவைதான். ஆனால், பழைய சாலையின் மேல் புதிய அடுக்கு ஏறும்போது பக்கத்திலுள்ள நிறுத்தம் அதே அளவுக்குப் பள்ளமாகிறது என்பதைப் பணி மதிப்பீடு போடுவோர் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

சென்னையில் நடந்தது

எல்லைக்கு அப்பால், சென்னையில் இதே கேள்வி நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. அந்த வரலாறு ஆந்திரத்துக்கும் பயன்படக்கூடியது.

தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்காக 2022-இல் 1,107 பேருந்துகளை வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அவற்றின் தரை உயரம் 900 மில்லிமீட்டர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயகுமார் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். சாலைகள் குறுகலானவை, மழைநீர் தேங்குகிறது, வேகத்தடைகள் உயரமானவை, எனவே தாழ்தளப் பேருந்துகளை எல்லா இடத்திலும் இயக்க இயலாது என்பது அரசுத் தரப்பின் வாதம். வாதம் முற்றிலும் பொய் அல்ல. சென்னையில் மழைக்காலத்தில் பேருந்து ஓட்டியவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால், சாலை மோசமாக இருப்பதை மாற்றுத்திறனாளிகளை வெளியே நிறுத்துவதற்கான காரணமாகக் கொள்ள முடியுமா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி.

உயர்தளப் பேருந்துகள் முற்றாகத் தடுக்கப்படவில்லை. அதே நேரத்தில், தாழ்தளப் பேருந்துகளையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை உருவானது. சென்னை, கோவை, மதுரை ஆகியவற்றுக்கு 552 தாழ்தளப் பேருந்துகள் வாங்க முடிவானது. அவற்றில் முதல் 58 பேருந்துகள் 2024 ஆகஸ்ட் 4 அன்று சென்னைப் பல்லவன் சாலையிலிருந்து புறப்பட்டன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் இயங்கத் தொடங்கின.

இதிலிருந்து தெரிவது ஒன்று. பேருந்து வந்த பிறகு கேட்கப்படும் கோரிக்கைக்கு மதிப்புக் குறைவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 41-ஆவது பிரிவு எல்லாப் போக்குவரத்து வகைகளும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களை மாற்றியமைப்பதற்கு மட்டும், தொழில்நுட்ப அளவில் இயலுமா, பொருளாதார நோக்கில் கட்டுப்படியாகுமா என்ற விலக்குகளைச் சேர்க்கிறது. ஒரு பேருந்து பத்தாண்டுக்கு மேல் ஓடும். உயர்தளமாக வாங்கப்பட்ட நாளிலேயே அது அந்த விலக்குக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஆகவே கேள்வி எழுப்ப வேண்டிய இடம் ஒப்பந்தப்புள்ளியின் தொழில்நுட்ப அட்டவணை. செய்தியாளர்கள் உட்பட எவரும் விரும்பிப் படிக்காத பக்கம் அது.

‘வேண்டும்’, ‘நலம்’

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்போருக்குத் தெரிந்த ஒரு நுட்பம் உண்டு. ‘செய்ய வேண்டும்’ என்ற சொல்லும் ‘செய்தல் நலம்’ என்ற சொல்லும் ஒரே பக்கத்தில் வந்தால், நிர்வாகம் இரண்டாவதையே பின்பற்றும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ‘வேண்டும்’ என்றது. அதன்கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகளின் 15-ஆவது விதியோ, பல்வேறு துறைகளின் வழிகாட்டுதல்களைச் சுட்டிவிட்டு நின்றது. அந்த வழிகாட்டுதல்களில் பலவும் பரிந்துரை நடையில் எழுதப்பட்டவை.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த முரணையே தொட்டது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கட்டாயத்தைப் பரிந்துரையாகத் தளர்த்தும் 15(1) விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி இந்த மனுவைத் தாக்கல் செய்தது 2005-இல். இடைப்பட்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நிலைமையை ஆய்ந்து அறிக்கை அளிக்கும் பணி ஐதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

பேருந்துகளைப் பொறுத்தவரை மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் முன்பே வந்துவிட்டது. 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2020 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், முன்னுரிமை இருக்கைகள், அறிவிப்புக் குறிகள், ஊன்றுகோல்களை வைக்கும் வசதி, கைப்பிடிகள், சக்கர நாற்காலியை ஏற்றிப் பூட்டி நிறுத்தும் ஏற்பாடு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. முன்னுரிமை இருக்கை எல்லாப் பேருந்திலும் வந்துவிட்டது. அதற்குச் செலவு ஒரு வாளி வண்ணமும் ஓர் எழுத்துப் பலகையும்தான்.

அகமதாபாத் வழி பொருந்துமா?

பேருந்தைத் தாழ்த்த இயலாவிட்டால் நிறுத்தத்தை உயர்த்தலாம் என்றொரு மாற்று வழி உண்டு. பிரேசிலின் குரிச்சிபா நகரம் பல்லாண்டுகளுக்கு முன் காட்டிய வழி அது. இந்தியாவில் 2009-இல் தொடங்கிய அகமதாபாத் விரைவுப் பேருந்துத் தடத்தில் 900 மில்லிமீட்டர் உயரப் பேருந்துகளே ஓடுகின்றன. நடைமேடைகளும் அதே உயரத்தில் கட்டப்பட்டதால் பயணிகள் படியேறாமல் உள்ளே நுழைகின்றனர். நாராயணவனம் போன்ற ஊர்களுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. ஊரகப் பேருந்தின் படிகள் வாசலுக்கு உள்ளேயே அமைந்தவை. நடைமேடையை உயர்த்தினால் முதற்படி மட்டுமே எளிதாகும். தனித்தடம் இல்லாத சாலையில் ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்துவார் என்ற உறுதியும் இல்லை. இருப்பினும் அந்த முதற்படியை எளிதாக்குவதே ஊன்றுகோல்காரருக்கும் முதியவருக்கும் கைக்குழந்தையுடன் நிற்பவருக்கும் பெரிய வேறுபாடு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மின்சாரப் பேருந்துகளின் வருகை இந்தக் கணக்கை மாற்றக்கூடும். முன்புறத்தில் டீசல் எந்திரம் இல்லாததால் தரையைத் தாழ்த்துவது எளிது. ஆனால், மின்சாரம் என்பதாலேயே தரை தானாகத் தாழ்ந்துவிடாது. மின்கலத்தை எங்கே வைக்கிறார்கள், எந்த உயரத்தை ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. திருப்பதி, திருமலைத் தடத்தில் 2022 முதலே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் மின்பேருந்துத் திட்டத்தின் மொத்த இலக்கு 10,000 பேருந்துகள்; ஆந்திரத்தின் பங்கு 750. இவற்றைத் தனியார் நிறுவனங்கள் சொந்தமாக வைத்து இயக்கும். அரசு கிலோமீட்டருக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தும். பேருந்தே அரசுடையது அல்ல என்றாகும்போது, ஒப்பந்தத்தில் எழுதப்படாத வசதியைப் பின்னர் கேட்டுப் பெறுவது மேலும் கடினமாகும். மேலும் இது நகரங்களுக்கான திட்டம். புத்தூர், ஊத்துக்கோட்டைச் சாலைக்கு அது வருவதற்குள் இன்னொரு தலைமுறை ‘பல்லெ வெலுகு’ வாங்கப்பட்டுவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், அவர்களில் 1.86 கோடி பேர் ஊரகங்களில் வாழ்பவர்கள். தாழ்தளப் பேருந்து பற்றிய தீர்ப்புகளும் அறிவிப்புகளும் பெரும்பாலும் மாநகரங்களைச் சுற்றியே அமைந்துள்ளன என்பது அந்த எண்ணோடு பொருந்தவில்லை. சென்னை வழக்கில் கூட, கிடைத்த பேருந்துகள் மூன்று மாநகரங்களுக்குச் சென்றன. ஊத்துக்கோட்டையின் தமிழகப் பக்கத்துச் சிற்றூருக்கு அவை வரவில்லை.

தமிழகம் 2025 ஏப்ரலில் இன்னோர் அடி எடுத்து வைத்தது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்கள் சட்டப்பேரவையில் நிறைவேறின. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் சாய்தளம் பற்றிப் பேச ஒருவர் இருப்பார் என்பதே அதன் பயன். அதே 2025-இன் தொடக்கத்தில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது.

நாராயணவனத்தில் இப்போதைக்கு ஒரு பெண் பயணி செய்யக்கூடிய தெரிவு இதுதான். சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே ஊத்துக்கோட்டை வழியாகச் செல்லும் மாநிலங்களுக்கிடையிலான பேருந்து வந்தால் ‘ஸ்திரீ சக்தி’ செல்லாது. கட்டணம் செலுத்த வேண்டும். ‘பல்லெ வெலுகு’ வந்தால் கட்டணம் இல்லை. இரண்டிலும் படிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே.